டங்கு நைனாவின் காதும் துரையின் காரும்

கடம்பத்தூரில் டங்கு நைனாவின் சுத்தியலிடம் தட்டு வாங்காத பொருள் என்று எதுவுமே கிடையாது. தேங்காய், தண்ணீர்ப் பானை, தபால் பெட்டி, ஓட்டல் பெஞ்சு, கோயில் உண்டியல் எல்லாவற்றையும் தட்டியிருக்கிறார். புதிதாக மாற்றலாகி வந்த ஒரு போலீஸ்காரரின் தொப்பியைக்கூடத் தட்டிப் பார்த்தார் என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். சாமியே நேரில் வந்து நின்றிருந்தாலும், முழங்காலில் ஒரு தட்டு தட்டி, சத்தத்தைக் கேட்டு, திருப்தியான பிறகுதான் கும்பிட்டிருப்பார்.

அவருக்கு அரக்கோணம் ஜங்ஷனில் வேலை. ரயில் வந்து நின்றதும் நீளப் பிடி போட்ட சுத்தியலோடு இறங்கி, வண்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டிக்கொண்டு போவார். 'டங்' என்று மணி மாதிரி கேட்டால் சக்கரம் நல்லது. 'டொக்' என்று கேட்டால் எங்கோ கோளாறு. உடனே சாக்பீஸை எடுத்துப் பெட்டியின்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, 'சிக்' என்று அறிவிப்பார். ரயில்வேயில் சிக் என்றால் அந்தப் பெட்டி நோயாளி. அதைச் சரிசெய்து அவர் 'ரைட்' சொல்லும்வரை ஸ்டேஷன் மாஸ்டராலும் அதை நகர்த்த முடியாது. எதிரில் வருகிற எல்லோரையும் அவர் 'நைனா' என்று கூப்பிட்டதால் ஊரும் அவரை நைனா என்றது. சுத்தியலின் சத்தத்தையும் முன்னால் சேர்த்துக்கொண்டது.

அந்தச் சுத்தியலை அரக்கோணத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வீட்டுக்கும் எடுத்து வருவார், கல்யாணத்துக்கும் எடுத்துப் போவார். ஒரு கல்யாணத்தில் சீர்ப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். நைனா சாப்பிட்டுவிட்டு வந்து, குத்துவிளக்கில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். பெரிய அண்டா 'டொக்' என்றது. குறி போட்டுவிட்டார். சம்பந்தி வீட்டார் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் பற்றவைத்த ஒட்டு ஒன்று இருந்தது.

"யோவ், உன்ன இங்க எவன்யா தட்டச் சொன்னது?" என்று பெண்ணின் தகப்பனார் பாய்ந்தார்.

"தண்ணி ஊத்தாத வரிக்கும் ஓடும் நைனா, ஒண்ணும் பேஜாரு இல்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டு நைனா தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனி என் அவமானங்களுக்கு வருகிறேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடம்பத்தூருக்குப் பக்கத்தில் செங்கலும் ஓடும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் கிளார்க். நிரந்தரக் கிளார்க் இல்லை. 'பார்க்கலாம்' என்று வைத்திருந்த கிளார்க். வீட்டில் ஆறு பேர் அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நம்பித்தான் அடுப்பு மூட்டினார்கள். கம்பெனியின் மானேஜர் ஒரு வெள்ளைக்காரத் துரை. சுதந்திரத்துக்குப் பிறகும் ஊருக்குப் போக மனமில்லாமல் இருந்துவிட்டவர். சூளைக் கூலியாட்களிடமே தமிழ் கற்றவர் என்பதால் மரியாதைத் தமிழ் அவருக்கு வராது. கலெக்டர் பார்வையிட வந்தபோது, "வா மேன், குந்து" என்று நாற்காலியைக் காட்டினார்.

துரைக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில்தான் நம்பிக்கை. ஒன்று அவருடைய கார். மற்றது டங்கு நைனாவின் காது. நான் சேர்வதற்கு முன்பே நடந்த கதை இது. அரக்கோணம் ரயிலைப் பிடிக்க நைனா தினமும் எங்கள் கம்பெனிக்குள் குறுக்கே நடந்து போவார். போகிற வழியில் அடுக்கி வைத்த செங்கல்லைத் தட்டி, நாலைந்தில் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு கல்லை மோதிப் பார்த்தே வேக்காடு சொல்லும் எங்கள் சூளை மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. துரையிடம் போய்ப் புகார் சொன்னார். துரை குறி போட்ட கற்களை உடைத்துப் பார்த்தார். அத்தனையும் உள்ளே வேகாத பச்சை மண். அன்றிலிருந்து கம்பெனிக்குள் நைனா எதை வேண்டுமானாலும் தட்டலாம் என்று உத்தரவு. அன்றிலிருந்தே மேஸ்திரிக்கு நைனாவைக் கண்டால் ஆகாது.

கார் என்றால் ஊரில் அப்போது இருந்த கப்பல் மாதிரிக் கார் இல்லை. இரண்டே பேர் உட்காருகிற சீமை ஸ்போர்ட்ஸ் கார். மரச் சட்டத்தின்மேல் மெல்லிய தகடு. கூரைக்குப் பதில் கான்வாஸ். சைக்கிளுக்கு இருப்பது மாதிரிக் கம்பி போட்ட சக்கரங்கள். நாலு ஆள் பிடித்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். ஆனால் துரை ஏறி மிதித்தால் எங்கள் லாரி திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் அது போய்த் திரும்பி வந்து ஆறியிருக்கும்.

துரை ஐந்து மாச லீவில் சீமைக்குக் கிளம்பியபோது என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மேன், உனக்கு மோட்டார் தெரியுமா?"

"நன்றாகத் தெரியும் சார்" என்றேன்.

என் மோட்டார் ஞானத்தைச் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்துப் பெட்ரோல் பஞ்சத்தில், கரியை எரித்து ஓடிய கரி பஸ்ஸில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு எனக்கு. நாலு வருஷம் அவர் செய்வதையெல்லாம் பார்த்தபடி தூங்கியிருக்கிறேன். அவ்வளவுதான்.

"குட். வாரத்துக்கு ஒருதபா ஓட்டு. நான் திரும்பி வர்ற அன்னிக்கு திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு இத்த நீ கொண்டார்ற. வண்டி கரெக்டா இருந்தா உன் வேலை பர்மனென்ட். இல்லாங்காட்டி வீட்டுக்குப் போய்டு" என்று சாவியை என் கையில் போட்டார்.

முதல் வாரமே வண்டி கிளம்பவில்லை. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். தோள்பட்டை கழன்றதே தவிர எஞ்சின் அசையவில்லை. காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில்தான் கலக்கின்றன என்று போட்டிருந்தது. ஆகவே கோளாறு அங்கேதான் என்று முடிவு கட்டினேன். அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டையும் கழற்றினேன். எது எதிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வது மட்டும் பி.ஏ. பாடத்தில் இல்லை. சாயங்காலம் ஷெட்டில் ஒரு பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் அறுபது சின்னச் சின்னச் சாமான்களைப் பரப்பிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

டியூட்டி முடிந்து ரயில் இறங்கி வந்த நைனா ஷெட் வாசலில் நின்றார்.

"இன்னா நைனா, கடை வச்சிருக்கியா?"

"கார்புரேட்டர் ரிப்பேர். உங்களுக்குப் புரியாது" என்றேன்.

"எனக்குப் புரியாதுதான். அந்தச் சாவியத் திருப்பு, பார்க்கலாம்."

திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை.

"துர ஓட்டறப்ப சாவியத் திருப்பினா பின்னால டிக்டிக்டிக்குன்னு ஒண்ணு பேசும் நைனா. தெனம் காலைல கேட்டுக்கினுதான் போவேன். இப்ப அது பேசல. அத்த விட்டுட்டு நீ இங்க இன்னாத்துக்கு இந்தப் பாவத்த அறுத்துப் போட்டிருக்கே?"

குனிந்து, பெட்ரோல் வருகிற குழாயைத் தடவிக்கொண்டே போய், ஒரு உருளையைக் கண்டுபிடித்தார். பெட்ரோலை இழுத்துத் தள்ளும் மின்சாரப் பம்பு அது. சுத்தியல் பிடியைத் திருப்பி, மரத்தால் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். டிக்டிக்டிக் என்று அது பேச ஆரம்பித்துவிட்டது.

அன்று ராத்திரி புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். 'பம்பு நின்றுவிட்டால் லேசாகத் தட்டவும்' என்று சீமைக்காரனே எழுதி வைத்திருந்தான். அறுபது சாமான்களையும் மறுபடி உள்ளே போட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதிலும் மூன்று சாமான் மிஞ்சியது. அவற்றை என்ன செய்தேன் என்று இந்த வயதிலும் சொல்வதாக இல்லை.

அடுத்தது சக்கரம். ஒரு நாள் பின் வலது டயர் பஞ்சர். அந்தக் காரில் சக்கரத்துக்கு நாலைந்து போல்ட்டு கிடையாது. நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, அதாவது மரை. அதற்கு இரண்டு காது. காதைச் சுத்தியலால் அடித்தால் சுற்றும். இதற்கென்றே காரோடு ஒரு தாமிரச் சுத்தியல் கொடுத்திருந்தார்கள். எந்த மரையும் இடதுபக்கம் திருப்பினால்தானே கழலும்? ஆகவே இடதுபக்கமாக அடித்தேன். காலை நாஷ்டா முடிந்து ஆரம்பித்தவன், மத்தியானச் சங்கு ஊதும்வரை அடித்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தேன். சூளையாட்கள் இரண்டு பேர் எனக்காக உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அன்று நைனாவுக்கு ஓய்வு நாள். சத்தம் கேட்டு வந்துவிட்டார். கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நைனா, கழட்றியா, இறுக்கறியா?"

"கழற்றுகிறேன்."

"சத்தம் இறுக்கற சத்தமாக் கீதே."

வேட்டி முனையால் மரைமேல் இருந்த சேற்றைத் துடைத்தார். கீழே ஒரு அம்புக்குறியும், கழற்றும் திசை இது என்று இங்கிலீஷில் ஒரு சொல்லும் பொறித்திருந்தன. அம்பு வலதுபக்கம் பார்த்தது. ஓடுகிறபோது மரை தானாகவே இறுகவேண்டும் என்பதற்காக, வலதுபக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரையைத் தலைகீழாக வெட்டியிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாத நைனா அம்பைப் பார்த்தார். இங்கிலீஷ் தெரிந்த நான் அவரைப் பார்த்தேன்.

"முன்பக்கம் ஓட்டினா இறுகும். பின்பக்கம் ஓட்டினா எளகும். இத்தக்கூட யோசிச்சி வச்சிருக்கான் பாரு" என்றவர், காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு மரையையும் தடவினார். "சுத்தியாலயே கழட்டி சுத்தியாலயே மாட்ற வண்டி! இத்த செஞ்சவன் நம்ம ஆளு நைனா."

நான் அரைநாள் இறுக்கியதை அவர் கழற்றுவதற்குள் அவருக்கும் வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு கார் அவர் கைக்குப் போய்விட்டது. சொந்தக்காரர் துரை, பொறுப்பு என்னுடையது, அதிகாரம் நைனாவினுடையது. திங்கட்கிழமை காலையில் ரயிலுக்கு முன்னால் வந்து, சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுவார். தளர்ந்த கம்பி மந்தமாகப் பேசும். அதை நான் சாவி போட்டு இறுக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் பிடிப்பார். "இது பேசுது, அது முணுமுணுக்குது" என்பார். இரண்டும் ஒரே குரலில் மூச்சு விடும்வரை நான் திருகாணியைத் திருப்பவேண்டும். கடைசியில் நாலு சக்கரத்தையும் ஒரு தட்டு. பிறகு நிமிர்ந்து, அரக்கோணம் பிளாட்பாரத்தில் சொல்வது மாதிரியே "ரைட்!" என்பார். அந்த 'ரைட்' வராமல் வண்டியை நான் ஒரு முழம் நகர்த்தக் கூடாது. அவர் டியூட்டிக்குப் போன பிறகு சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கழற்றவேண்டும்.

அந்த ஐந்து மாசத்தில் கார் துரையிடம் இருந்ததைவிட நன்றாக ஓடியது. நான் சீமைக்கு மாசம் ஒரு கடிதம் எழுதினேன். 'கார்புரேட்டர்களைச் சமன் செய்தேன், கம்பிகளைச் சரிபார்த்தேன்' என்று விலாவாரியாக எழுதினேன். நைனா என்ற இரண்டு எழுத்தை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. இடமில்லாமல் போய்விட்டது என்று அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வருவதாகத் துரையின் தந்தி வந்தது. புதன்கிழமை நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் தொந்தரவு. நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வண்டியில் ஒன்றுமே இல்லை. கம்பெனி கேட்டுக்கு அடித்த வெள்ளி நிறப் பெயிண்டில் அரை டப்பா மிச்சம் இருந்தது. நாலு சக்கரத்தையும் கழற்றினேன். கம்பி கம்பியாக அடித்தேன். வேலையில் சுத்தம் வேண்டும் என்று, நடுத்துளைக்குள் அச்சோடு பொருந்துகிற பற்களுக்கும் அடித்தேன். மாட்டும்போது மரைக் காதில் புதுப் பெயிண்ட் உரிந்துவிடுமே என்று சுத்தியலுக்குத் துணி சுற்றி, குழந்தையைத் தட்டுவது மாதிரித் தட்டி வைத்தேன். நைனாவிடம் சொல்லவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்.

வியாழன் காலை ரயிலுக்குப் போகிற வழியில் நைனா ஷெட்டுக்குள் நுழைந்தார். பளபளப்பைப் பார்த்து முகம் சுளித்தார். முன் இடது, டங். பின் இடது, டங். முன் வலது, டங். பின் வலது, டொக்.

இன்னொரு தரம் தட்டினார். டொக்.

"சக்கரத்தக் கழட்டினியா நைனா?"

"இல்லை. மாட்டியபடியே பெயிண்ட் அடித்தேன்" என்றேன். நாக்கு குழறவில்லை, பழகிவிட்டது.

காதைச் சொறிந்துகொண்டு நின்றார். "திங்கக்கெழம டங்குன்னுச்சே. கழட்டலன்னா எப்டி மாறும்? எனக்குப் புரியல." சாக்பீஸை எடுத்துப் பின்பக்கம் பெருக்கல் குறி போட்டார். "சிக். சாயங்காலம் வந்து அவுத்துப் பார்க்கறேன். அதுவரிக்கும் கை வைக்காத."

"ஐயோ நைனா, துரை வருகிறார்! வண்டி கொண்டு போகாவிட்டால் என் வேலை போய்விடும்!"

"ஜட்கா எடுத்துக்கினு போ. வண்டி சிக்குன்னு சொல்லு. நைனா சொன்னான்னு சொல்லு. துர ஒத்துக்குவாரு."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டார்.

நான் அந்தக் குறியைப் பார்த்தபடி நின்றேன். பெயிண்ட் போட்டதால் சத்தம் மாறியிருக்கும் என்று எனக்கு நானே விஞ்ஞானம் சொன்னேன். ஐந்து மாசம் 'செய்தேன், செய்தேன்' என்று எழுதிவிட்டு ஜட்காவில் போய் நிற்பதா? கைக்குட்டையை எடுத்துக் குறியை அழித்தேன்.

ஷெட்டிலிருந்து கேட்வரை வழியெல்லாம் புதுச் செங்கல் அடுக்கியிருந்தது. வண்டியைத் திருப்ப இடமில்லை. அத்தனை தூரமும் பின்பக்கமாகவே ஓட்டினேன். பின்பக்கம் ஓட்டினால் மரை இளகும் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தார்தான். அப்போது நினைவு வரவில்லை.

ரோட்டில் ஏறியதும் எல்லாக் கவலையும் பறந்தது. கடம்பத்தூர் ஸ்டேஷன் ஓரமாகப் போகும்போது ஹாரன்கூட அடித்தேன். பாதித் தூரம் போயிருப்பேன். என் வலதுபக்கத்தில் ஒரு சக்கரம் என்னை முந்திக்கொண்டு போயிற்று. வெள்ளி நிறத்தில் வெயில் பட்டு ஜொலித்தது. யாரோ நம்மைப் போலவே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி கார் பின்பக்கம் குந்திவிட்டது. தரையை உரசிக்கொண்டு போய், ஒரு புளியமரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. சக்கரம் மட்டும் நிற்காமல் வரப்பு தாண்டி நெல் வயலுக்குள் போய்ப் படுத்தது.

எனக்கு அடி இல்லை. வீட்டில் ஆறு பேரும் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

கால் மணியில் ஒரு சைக்கிள் வந்தது. நைனா. பிளாட்பாரத்தில் நின்றவர் நான் போவதைப் பார்த்துவிட்டு, போர்ட்டரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பின்னாலேயே மிதித்திருக்கிறார். அரக்கோணம் ரயில் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. முப்பது வருஷ வேலையில் அவர் தவறவிட்ட முதல் ரயில் அது.

"அடிபட்டுச்சா நைனா?" என்று கேட்டு, என் கையையும் காலையும் பிடித்துப் பார்த்தார். பிறகு வயலுக்குள் இறங்கிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். ரோட்டோரத்தில் தேடி மரையை எடுத்தார். சக்கரத்தின் நடுத்துளையில் விரலை விட்டார். வெள்ளிப் பெயிண்ட் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"உள்ள கூட அட்ச்சிருக்கே. பெயிண்டு மேல சக்கரம் அச்சுல ஒழுங்கா குந்துமா? சக்கரத்தக் கழட்டாம உள்ள எப்டி நைனா அட்ச்சே?"

என் சட்டைப் பையில் சாக்பீஸ் படிந்த கைக்குட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார். திட்டியிருக்கலாம். சக்கரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, பெயிண்டைச் சுரண்டத் தொடங்கினார்.

அப்போதுதான் ஜட்கா மணி கேட்டது. ஸ்டேஷனில் அரைமணி காத்திருந்து பார்த்த துரை, ஜட்கா பிடித்து வந்துகொண்டிருந்தார். மூன்று காலில் நின்ற தன் காரைப் பார்த்தார். ஜட்கா நிற்பதற்கு முன்பே குதித்தார். முகம் எங்கள் ஓடு மாதிரிச் சிவந்திருந்தது.

"இன்னா மேன் இது? எவன் இத்தப் பார்த்து ரோட்டுக்கு வுட்டான்?"

நான் வாயைத் திறந்தேன். அதிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. நல்லதாக எதுவும் வந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

"நான்தான் துர" என்றார் நைனா. "காலைல தட்டிப் பார்த்தேன். நாலும் டங்குன்னுச்சு. ரைட்டு குட்த்தேன். அத்த நம்பித்தான் இவரு எடுத்துக்கினு வந்தாரு. இவரு மேல ஒரு தப்பும் இல்ல."

துரை அவரையே பார்த்தார். "நீ தட்டினியா? உன் காதுக்கு கேக்கலியா?"

"கேக்கல துர. காது ஏமாந்துபோச்சு."

துரைக்கு நம்பவே முடியவில்லை. "நைனா காது ஏமாந்துச்சா?" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. சிரித்துவிட்டார். நைனாவின் தோளில் தட்டி, "வயசாச்சு மேன் உனக்கு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ இன்னா பண்ணுவே? நைனா ரைட்டுன்னு சொன்னா நானே ஏறியிருப்பேன்" என்றார்.

வயலில் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேர் வந்து காரைத் தூக்கிப் பிடித்தார்கள். நைனா சக்கரத்தை மாட்டி, மரைக் காதைத் தன் சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தார். பிறகு வழக்கம்போலத் தட்டிப் பார்க்கக் குனிந்தார். அதற்குள் துரை ஏறி எஞ்சினை முடுக்கிவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நைனாவின் 'ரைட்'டுக்கு யாரும் காத்திருக்கவில்லை. கார் கிளம்பியது. திரும்பிப் பார்த்தேன். நைனா சுத்தியலைக் கையில் பிடித்தபடி, சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமாயிற்று. அதே வாரம் விஷயம் மேஸ்திரி காதுக்கும் போயிற்று. இத்தனை வருஷம் காத்திருந்த மனிதர் விடுவாரா? நைனா கம்பெனிக்குள் நுழைந்ததும், "யோவ் நைனா, காது சிக்காமே? சாக்பீஸ் எடுத்து உன் காதுல ஒரு குறி போட்டுக்கினு போ" என்று சூளை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். வாய் விட்டுச் சிரிக்காதவன் நான் ஒருவன்தான். அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

நாலைந்து நாளில் நைனா குறுக்கு வழியை விட்டுவிட்டார். கம்பெனிக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். அரை மைல் அதிகம். என் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அந்த ரோடு தெரியும். தினமும் காலையில் அவர் போவது தெரியும். நான் குனிந்து ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாசம் கழித்து, மனது பொறுக்காமல், ஒரு நாள் காலை பிளாட்பாரத்துக்கே போனேன். "துரையிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் நைனா" என்றேன்.

"சும்மா இரு நைனா. சொன்னா உன் வேல போவும். உங்க ஊட்ல ஆறு பேரு இன்னா துன்னும்? என் காது போச்சுன்னு சொன்னதுல யாரு ஊட்ல ஒல கொதிக்காம போச்சு? அரக்கோணத்துல சக்கரம் என்கிட்ட ஒழுங்காத்தான் பேசுது. அது போதும்."

ரயில் வந்தது. ஏறிக்கொண்டார். நான் ஆபீசுக்குத் திரும்பிப் போய், அந்த வேலையில் முப்பத்தோரு வருஷம் இருந்தேன். துரை சீமைக்கே போய்ச் சேர்ந்தார். மேஸ்திரி போய்விட்டார். நைனாவும் போய்விட்டார். அவர் சொன்னார் என்பதற்காகத்தான் சும்மா இருந்தேன் என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

நைனா அன்றைக்குச் சரியாகத்தான் கேட்டார். அவருடைய காது ஒரு நாளும் ஏமாந்ததில்லை. சிரித்தவர்களில் யாராவது இருந்தால், இல்லை அவர்கள் பிள்ளைகள் யாராவது இருந்தால், இதைப் படிக்கட்டும். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதையும் நான் அவரிடம் சொன்னதில்லை.